துணிக்கடைக்காரர் கண்ட கிருமி, குமாஸ்தா போட்ட கணக்கு – தெரியுமா?

மிளகு ஏன் காரமாக இருக்கிறது? இந்தக் கேள்வியை மண்டையில் போட்டுக்கொண்டு ஒரு துணிக்கடைக்காரர் மிளகைத் தண்ணீரில் ஊறவைத்தார். மூன்று வாரம் கழித்து அதில் ஒரு சொட்டை எடுத்துப் பார்த்தார். காரத்துக்குக் காரணம் கிடைக்கவில்லை. ஆனால் அதுவரை மனிதர் யாருமே பார்த்திராத பாக்டீரியா கண்ணில் பட்டது!

ஊர், ஹாலந்தின் டெல்ஃப்ட். நாள், 1676 ஏப்ரல் 24. கடைக்காரர், அந்தோனி வான் லீவன்ஹூக். கல்லூரிப் பக்கமே போகாதவர். அறிஞர்களெல்லாம் லத்தீனில் எழுதிய காலத்தில் லத்தீன் தெரியாதவர். மிளகின் மேல் கண்ணுக்குத் தெரியாத முட்கள் இருக்கும், அவைதான் நாக்கைக் குத்துகின்றன என்பது அவருடைய ஊகம். முட்களைத் தேடப் போனவருக்குத்தான் இந்தப் புதையல்!

லென்ஸ் மேல் அவருக்கு எப்படி ஆசை வந்தது தெரியுமா? துணி வியாபாரத்தில்தான் என்கிறார்கள். நெசவின் இழைகளை எண்ணித் தரம் பார்க்க வியாபாரிகள் பூதக்கண்ணாடி வைத்திருப்பார்கள். மற்றவர்கள் இழையை எண்ணியதோடு சரி. இவர் சொந்தமாக லென்ஸ் செய்ய ஆரம்பித்து, ஐந்நூறுக்கும் மேல் செய்து குவித்தார். அவர் செய்தது, நாம் நினைக்கிற மாதிரி மேஜைமேல் நிற்கும் நுண்ணோக்கி இல்லை. உள்ளங்கையில் அடங்கிவிடும் இரண்டு உலோகத் தகடுகள், நடுவே ஒரு துளி லென்ஸ், முன்னால் ஒரு ஊசி முனை. பார்க்கவேண்டிய பொருளை ஊசியில் வைத்து, தகட்டைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, வெளிச்சத்தைப் பார்க்கவேண்டும். இன்று மிஞ்சியிருப்பவற்றில் சிறந்தது சுமார் 270 மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிறது!

கண்டதை லண்டனின் விஞ்ஞானிகள் சங்கமான ராயல் சொசைட்டிக்கு எழுதினார். அவர்கள் நம்பவில்லை. பாதிரியார்கள் உட்பட ஊர்ப் பெரியவர்களைக் கூப்பிட்டுக் காட்டி, சாட்சிக் கடிதம் வாங்கி அனுப்பினார்! கடைசியில் விஞ்ஞானி ராபர்ட் ஹூக்கும் லண்டனில் மிளகுத் தண்ணீர் போட்டுப் பார்த்து, 1677இல் ஆமாம் என்றார். 1680இல் துணிக்கடைக்காரர் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார்.

இன்னொன்று கேளுங்கள். ஓவிய மேதை வெர்மீர் பிறந்ததும் டெல்ஃப்ட்தான். இருவருக்கும் ஞானஸ்நானம் நடந்தது 1632இல், சில நாள் இடைவெளியில். வெர்மீர் கடனோடு இறந்தபோது அவருடைய சொத்து விவகாரத்தைக் கவனிக்க நகர நிர்வாகம் நியமித்தது யாரை? லீவன்ஹூக்கைத்தான்! அதுவும் எந்த ஆண்டு? அதே 1676! நகர மன்ற அறையைத் திறந்து மூடிப் பராமரிக்கிற வேலையும் அவரிடம்தான் இருந்தது. அந்த வேலையில் அவர் நாற்பது ஆண்டுக்குச் சற்றுக் குறைவாக நீடித்தார். சம்பளம் வந்துகொண்டே இருந்தது. ஆராய்ச்சி பண்ண வேறென்ன வேண்டும்?

இந்த மாதிரி ஆட்களைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று தோன்றுகிறது. மேதைகள் பார்த்த சம்பள வேலையைச் சோகக் கதையாகச் சொல்லியே நாம் பழகிவிட்டோம். பாவம், குமாஸ்தாவாகக் கிடந்து அல்லாடினார் என்று உச்சுக்கொட்டுவோம். ஆனால் நிறையப் பேருக்கு அந்த வேலைதான் ஒரு கருவியையோ, ஒரு மனிதரையோ, கொஞ்சம் நேரத்தையோ கையில் கொடுத்திருக்கிறது!

சீனிவாச ராமானுஜன் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தது எல்லாருக்கும் தெரியும். மாதம் 30 ரூபாய் சம்பளம், 1912 மார்ச் 1இல் சேர்ந்தார். அந்த ஆபீசில் அவருக்கு மேலே இருந்தது யார் தெரியுமா? மேனேஜர் எஸ். நாராயண ஐயர் முன்பு கணித ஆசிரியராக இருந்தவர், இந்தியக் கணிதச் சங்கத்தின் முக்கியப் புள்ளி! அவருக்கும் மேலே இருந்த சேர்மன் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் ஒரு பொறியாளர், கணக்கின் அருமை தெரிந்தவர். இந்தியாவில் எத்தனை ஆபீஸ், எத்தனை குமாஸ்தா! கல்லூரியில் எஃப்.ஏ. பரீட்சை தேறாத ஒரு பையனின் நோட்டுப் புத்தகம் இப்படிப்பட்ட இரண்டு பேர் கண்ணில் பட்டதே!

இரவில் மேனேஜரும் குமாஸ்தாவும் ஆளுக்கொரு சிலேட்டோடு உட்கார்ந்துவிடுவார்கள். ராமானுஜன் பத்துப் படி தாண்டி விடைக்குப் போய்விடுவார். எனக்கே புரியவில்லையே, மற்றவர்களுக்கு எப்படிப் புரியும், படிப்படியாக எழுது என்று நாராயண ஐயர் பிடித்து உட்கார வைப்பார். அழிப்பதற்குத் துணி தேடுகிற வழக்கமெல்லாம் ராமானுஜனுக்குக் கிடையாது, முழங்கைதான்!

1913 ஜனவரி 16 தேதியிட்டு கேம்பிரிட்ஜின் கணித அறிஞர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதம் எப்படித் தொடங்குகிறது? துறைமுகக் கணக்குப் பிரிவு குமாஸ்தா என்ற அறிமுகத்தோடுதான். அதற்கு முன்பே கேம்பிரிட்ஜில் வேறு இரண்டு கணித அறிஞர்களுக்கு எழுதி, பலன் இல்லை. ஹார்டிக்குப் போன கடிதத்தில் சுமார் 120 தேற்றங்கள். அந்த மே மாதமே சென்னைப் பல்கலைக்கழகம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்தது, அதாவது சம்பளத்தைப்போல் இரண்டரை மடங்கு!

எனக்கு இதைவிடப் பிடித்தது கொஞ்சம் முந்தைய சம்பவம். 1910இல் ராமானுஜன் வேலை கேட்டுத் திருக்கோவிலூருக்குப் போனார். அங்கே டெபுடி கலெக்டர் வி. ராமசுவாமி ஐயர், கணிதச் சங்கத்தையே தொடங்கியவர். நோட்டைப் புரட்டினார். வருவாய்த் துறையில் ஒரு சின்ன உத்தியோகம் போட்டுக் கொடுப்பது அவருக்குப் பெரிய விஷயமா? கொடுக்கவில்லை! இந்த மூளையை அங்கே போட்டு மூச்சுமுட்ட வைக்க மனசு வரவில்லை என்று, சென்னையிலிருந்த கணிதக்காரர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். வேலை கொடுக்காததற்காக ஒரு அதிகாரிக்கு நாம் கைகூப்பவேண்டிய சந்தர்ப்பம் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

ராமானுஜன் துறைமுகத்தில் சேர்ந்த அந்த மார்ச் 1 இருக்கிறதே, அதில் ஒரு வேடிக்கை. சரியாக 99 ஆண்டு முன்பு, 1813 மார்ச் 1இல், லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் ஒரு கொல்லர் மகன் உதவியாளராக வேலைக்குச் சேர்ந்தார். அவர்தான் மைக்கேல் ஃபாரடே! பதினாலு வயதில் புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் ஏழு வருடப் பயிற்சிக்குப் போனவர். பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களைத் தைப்பதற்கு முன் படித்துவிடுவார். மின்சாரத்தைப் பற்றி அவர் முதலில் படித்தது அப்படி வந்த பிரிட்டானிகா கலைக்களஞ்சியத்தில்! கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர் வேதியியல் அறிஞர் ஹம்ஃப்ரி டேவியின் சொற்பொழிவுகளுக்கு டிக்கெட் கொடுத்தார். போய்க் கேட்டு, குறிப்பெடுத்து, படம் போட்டு, கற்ற தொழிலைக் காட்டி அதை அழகாக பைண்ட் பண்ணி டேவிக்கே அனுப்பிவைத்தார். வேலைக்கு இதைவிட நல்ல விண்ணப்பம் உண்டா? 1831இல் அவர் கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டல்தான் இன்றும் நம் ஜெனரேட்டர்களை ஓட்டுகிறது.

திருவானைக்காவலில் பிறந்த சி.வி. ராமனுக்கு வேலை கொடுத்தது கல்கத்தாவை! 1907இல், பதினெட்டு வயதில், நிதித் துறை அதிகாரி. டிராமில் போகும்போது பவ்பஜார் தெருவில் ஒரு பெயர்ப்பலகை தெரிந்தது. மகேந்திரலால் சர்க்கார் 1876இல் தொடங்கிய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கம், அப்போது தூங்கி வழிந்துகொண்டிருந்தது. இறங்கிப் போய்க் கதவைத் தட்டினார். அன்றிலிருந்து காலையில் ஆபீசுக்கு முன்பும், மாலையில் ஆபீஸ் விட்டு இரவு வரையும் அங்கேதான். பிறகு பக்கத்துக் கட்டடத்துக்கே குடிவந்து, சங்கத்துக்குள் நுழைய சுவரில் ஒரு கதவும் வைத்துக்கொண்டார்! பத்து வருடம் பகலில் சர்க்கார் கணக்கு, மற்ற நேரம் வீணை, வயலின் நாண்களின் அதிர்வு ஆராய்ச்சி. 1917இல் சம்பளம் ஏறக்குறையப் பாதியாகக் குறையும் என்று தெரிந்தே பேராசிரியர் பதவிக்குப் போனார். 1930இல் நோபல்.

ஐன்ஸ்டீன் பேடண்ட் ஆபீசில் இருந்தார் என்பது பழைய சேதி. மூன்றாம் நிலை அலுவலர் என்பது? 1902இல் பெர்ன் நகரில் அந்தப் பதவியில் சேர்ந்தார். உலகத்தையே புரட்டிப்போட்ட 1905 கட்டுரைகளை எழுதியபோதும் அதே மூன்றாம் நிலை! மறு வருடம்தான் இரண்டாம் நிலை கிடைத்தது. சார்பியல் கட்டுரையில் அடிக்குறிப்பாக ஒரு மேற்கோள் நூல்கூட இல்லை. நன்றி சொல்லியிருப்பது ஒரே ஒருவருக்கு, அதே ஆபீஸ் சகா மிக்கேலே பெஸ்ஸோவுக்கு! ஊரார் பேடண்டுகளைப் பரிசீலித்தவர் பின்னாளில் தானே ஒன்று வாங்கினார். எதற்கு? ஃப்ரிட்ஜுக்கு! இயற்பியலாளர் லியோ சிலார்டோடு சேர்ந்து செய்தது, 1930இல் அமெரிக்காவில் பதிவானது.

பிராகாவில் எழுத்தாளர் காஃப்கா, தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் பதினாலு வருடம். வேலை காலை 8 முதல் மதியம் 2 வரை, எழுத்து ராத்திரியில். மரம் இழைக்கும் இயந்திரத்தில் விரல் துண்டாகாமல் இருக்க உருளைத் தண்டு போடச் சொல்லி, படங்களோடு அவர் எழுதிய அறிக்கை இன்றும் இருக்கிறது. தொழிற்சாலை ஹெல்மெட்டைக் கண்டுபிடித்ததே அவர்தான் என்று ஒரு கதை சுற்றுகிறது, அதை நம்பிவிடாதீர்கள்.

தெருமுனைத் தபால்பெட்டிக்கு ஒரு நாவலாசிரியர் காரணம், தெரியுமா? ஆங்கில எழுத்தாளர் அந்தோனி டிரோலப் தபால் இலாகா உத்தியோகஸ்தர். அவர் சிபாரிசில்தான் 1852இல் ஜெர்சி தீவில் கம்பம்போல் நிற்கும் தபால்பெட்டி வைத்துப் பார்த்தார்கள்; பிரிட்டனுக்கு அது பரவியது அதற்குப் பிறகுதான். இந்த மனிதர் எழுதிய விதம்தான் விசித்திரம். காலை ஐந்தரைக்கு மேஜையில் உட்காருவார். எதிரே கடிகாரம். கால் மணிக்கு 250 வார்த்தை! ஒரு நாவல் பாதி நேரத்தில் முடிந்துவிட்டால் புதுத் தாள் எடுத்து அடுத்த நாவல்! அவரை எழுப்பி காபி கொடுக்கும் வேலையாளுக்குத் தனியாக வருடம் ஐந்து பவுண்டு. மொத்தம் 47 நாவல். என் நண்பர்களான எழுத்தாளர்களிடம் இதைச் சொன்னால் பேச்சை மாற்றிவிடுகிறார்கள்.

இனி ஒரு சங்கீத வித்வான். வில்லியம் ஹெர்ஷல், இங்கிலாந்தின் பாத் நகரத்துத் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர். 24 சிம்பொனி எழுதியவர். பகலில் பாட்டு வகுப்பு, ராத்திரி வானம். 1781 மார்ச் 13 இரவு வீட்டுத் தோட்டத்தில், கையால் செய்த தொலைநோக்கியில் ஏதோ தெரிந்தது. வால்நட்சத்திரம் என்று நினைத்தார். அதுதான் யுரேனஸ்! பழங்காலம் முதல் மனிதர் அறிந்த கிரகங்களின் பட்டியலில் முதன்முதலாக ஒன்று கூடியது, ஒரு பாட்டு வாத்தியாரின் தோட்டத்திலிருந்து!

அந்த வீட்டுக்குள் எட்டிப்பார்த்தால் இன்னும் ஆச்சரியம். தங்கை கரோலின், பாடகி. குதிரைச் சாணத்தை இடித்து, சலித்து, தொலைநோக்கிக்கு ஆடி வார்க்க அச்சு செய்ய உதவியது அவர். ஒருமுறை உலை கசிந்து, உருகிய உலோகம் தரையில் ஓட, சூட்டில் கல்பாவிய தரை வெடித்துச் சிதற, எல்லாரும் உயிர் பிழைத்தால் போதும் என்று ஓடியிருக்கிறார்கள். ஆடியைத் தேய்க்க ஆரம்பித்தால் கையை எடுக்கக்கூடாது. ஒருமுறை பதினாறு மணி நேரம் அண்ணன் கையை எடுக்கவில்லை. கரோலின் பக்கத்தில் நின்று வாயில் ஊட்டிவிட்டார்! சிறுவயதில் கண்ட நோயால் நாலரை அடிகூட வளராத அந்தப் பெண், பிறகு தானே எட்டு வால்நட்சத்திரங்களைக் கண்டுபிடித்தார். 1787இல் அரசர் அவருக்கு வருடம் 50 பவுண்டு சம்பளம் நிர்ணயித்தார். வானியலுக்காக ஒரு பெண் சம்பளம் வாங்கியது அதுவே முதல்முறை என்கிறார்கள். பள்ளிப் பாடத்தில் அண்ணன் பெயர் மட்டும் ஏன்? எனக்கு இன்றும் புரியவில்லை.

எல்லாருக்கும் வேலை கைகொடுத்தது என்று சொல்லிவிட முடியாது. ரஷ்யாவின் அலெக்சாண்டர் போரோதின், பீட்டர்ஸ்பர்கில் வேதியியல் பேராசிரியர். ஆய்வகம், மாணவர்கள், பெண்களுக்கான மருத்துவப் படிப்பு, வீட்டில் சாப்பாட்டு மேஜைமேல் உலாவும் பூனைகள். இத்தனைக்கும் நடுவே உடம்பு சரியில்லாமல் படுத்தால்தான் இசை எழுத ஒழியும். 'இளவரசர் ஈகோர்' இசை நாடகத்தைப் பதினெட்டு வருடம் இழுத்தும் முடிக்காமல் 1887இல் இறந்தார்; நண்பர்கள் முடித்தார்கள். ஆனால் 1954இல் அவருக்கு அமெரிக்காவின் டோனி விருது, செத்து 67 வருடம் கழித்து! அவர் மெட்டுகளை எடுத்துப் போட்டு பிராட்வேயில் ஒரு நாடகம் சக்கைப்போடு போட்டதால்.

கடைசியாக நம் நாட்டுக்காரர். நேக் சந்த், பிரிவினையில் ஊரை விட்டு வந்தவர். சண்டிகரில் பொதுப்பணித் துறை ரோடு இன்ஸ்பெக்டர். கட்டடக் கலைஞர் கார்பூசியே போட்ட திட்டப்படி நகரம் எழும்ப, பழைய கிராமங்கள் இடிபட்டன. உடைந்த ஓடு, பீங்கான், சைக்கிள் சட்டம், வளையல் துண்டு எல்லாம் குப்பை. எது எங்கே கொட்டப்படுகிறது என்று ரோடு இன்ஸ்பெக்டருக்குத் தெரியாதா? 1957 வாக்கில், ஆபீஸ் முடிந்ததும் சைக்கிளில் சுமந்துபோய், எதுவும் கட்டக்கூடாது என்று சர்க்கார் தடை போட்டிருந்த காட்டுக்குள் சேர்க்க ஆரம்பித்தார். இரவில் பழைய டயரைக் கொளுத்தி அந்த வெளிச்சத்தில் வேலை. வளையல் துண்டுகளை உடுத்திய பெண்கள், பீங்கான் போர்த்திய குரங்குகள் என்று நூற்றுக்கணக்கான உருவங்கள்! பல வருடம் அதிகாரிகள் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

எழுபதுகளில் விஷயம் வெளியே வந்தது. சட்டப்படி இடித்துத் தள்ளவேண்டும். ஜனங்கள் வரிசைகட்டி வந்து பார்க்க, நிர்வாகம் பின்வாங்கியது. 1976இல் ராக் கார்டன் என்று திறந்தே வைத்தார்கள். ரோடு இன்ஸ்பெக்டருக்கு என்ன ஆனது தெரியுமா? ரோடு வேலையிலிருந்து விடுவித்து, அந்தத் தோட்டத்துக்கே சப் டிவிஷனல் இன்ஜினீயர் என்று பதவி கொடுத்து, ஐம்பது வேலையாட்களையும் கொடுத்தார்கள். 1984இல் பத்மஸ்ரீயும் வந்தது, அனுமதி இல்லாமல் கட்டியதற்கு!