பக்கம் என்பது எந்தக் கணக்கில்?

பேலூர் மடத்துப் படித்துறையில் நின்றால் எதிர்க்கரையில் பராநகர் தெரியும். நடுவே ஹூக்ளி, அரை கிலோமீட்டர் அகலம் இருக்கலாம். பிள்ளைகள் வெளியூரில், பெரியவர்கள் மட்டும் பேலூரில். நள்ளிரவில் ஒருவருக்கு நெஞ்சுவலி. பக்கத்து ஆஸ்பத்திரி எது என்று கம்ப்யூட்டரைக் கேட்டால், வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளப்பதுபோல அளந்து, அக்கரை ஆஸ்பத்திரியைச் சொல்லிவிடக்கூடும். ஆம்புலன்ஸ் நீந்துமா? வடக்கே பாலிக்குப் போய், பாலம் ஏறி, தட்சிணேஸ்வரத்தில் இறங்கி, மறுபடி தெற்கே வரவேண்டும். அதை விட்டால் ஹௌரா பாலம்தான்.

ரயில்வேக்காரர்களுக்கு இது புதிதல்ல. நாங்கள் தூரத்தைத் தண்டவாளத்தோடுதான் அளப்போம். வண்டி தடம் புரண்டால் நிவாரண வண்டி எங்கிருந்து வரவேண்டும் என்பதை நேர்கோடு போட்டுப் பார்ப்பதில்லை. எஞ்சினைத் திருப்பி மாட்டவேண்டுமானால் அந்த நேரமும் சேரும்.

சாலை வழியே மிகக் குறைந்த தூரத்தைக் கண்டுபிடிக்கும் முறையை ஹாலந்துக்காரர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1959இல் வெளியிட்டார். ஆனால் பெருநகரில் சந்திப்புகள் ஏராளம். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் அந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தால் பதில் தாமதமாகும். டிமிட்ரிஸ் பபடியாஸ் உள்ளிட்ட நால்வர் 2003இல் எழுதிய கட்டுரையில் இதற்கு அழகான வழி ஒன்று உண்டு. அதன் அடிப்படை, சாலைத் தூரம் ஒருபோதும் நேர்கோட்டுத் தூரத்தைவிடக் குறையாது என்பதே.

ஒரு பேச்சுக்கு, அக்கரை ஆஸ்பத்திரி நேர்கோட்டில் 1 கிலோமீட்டர், சாலையில் 7 என்று வைத்துக்கொள்வோம். நேர்கோட்டிலேயே 7க்கு மேல் உள்ளவற்றை இனி ஏறெடுத்தும் பார்க்கவேண்டாம். அடுத்தது நம் கரையிலேயே உள்ளது. நேர்கோட்டில் 2, சாலையில் 3. எல்லை 3 ஆகச் சுருங்கிவிட்டது. அதற்கடுத்தது நேர்கோட்டிலேயே மூன்றரை. தேடலை அங்கேயே நிறுத்தலாம். இரண்டே இரண்டுக்குத்தான் சாலைக் கணக்கு போட்டோம். விடையில் சந்தேகமே இல்லை. ஊர் முழுக்க எத்தனை ஆஸ்பத்திரி இருந்தாலும் கவலையில்லை. டிப்ளமோ படிக்கும் பையன்கூட ஐந்து நிமிடத்தில் புரிந்துகொள்வான்!

ஆற்றங்கரை ஊர்களில் இதற்குக் கொஞ்சம் வேலை கூடும். அக்கரையில் வரிசையாகப் பல ஆஸ்பத்திரிகள் இருந்தால், நேர்கோடு அத்தனையையும் முதலில் நீட்டும். ஒவ்வொன்றையும் சாலையில் அளந்து தள்ளவேண்டும். அங்கெல்லாம் வீட்டு வாசலிலிருந்து சாலை சாலையாக விரிந்துகொண்டே போய்த் தேடும் முறை மேல். அதையும் அந்த நால்வரே விளக்கியிருக்கிறார்கள்.

நமக்கு வேண்டியது தூரமல்ல, நேரம் என்றால்? நேர்கோட்டுத் தூரத்தை வண்டியின் உச்ச வேகத்தால் வகுத்தால் போதும். அதைவிடச் சீக்கிரம் எந்த ஆம்புலன்ஸாலும் வரமுடியாது. அதை எல்லையாக வைத்து முன்போலவே தேடலாம்.