தக்காளித் தூளும் ஜொகூர் ஈரக்காற்றும்

ஸ்கூடாயில் வாடகை வீட்டில் தங்கிப் படிக்கும் எங்களுக்கு, வாங்கும் தக்காளியில் பாதி குழம்புக்கு, பாதி குப்பைத் தொட்டிக்கு. கேமரன் மலையிலிருந்து இத்தனை தூரம் வரும் பழம் எத்தனை நாள் தாங்கும்? இப்போது எங்கள் அலமாரியில் தக்காளித் தூள்.

தக்காளியில் ஏறக்குறைய 95 விழுக்காடு தண்ணீர்தான். அதை நீக்கினால் 20 கிலோ பழம் சுமார் ஒரு கிலோ தூளாகச் சுருங்கும். புளிப்பும் இனிப்பும் செறிந்திருக்கும். சிவப்பு நிறமியான லைக்கோப்பீன் பெருமளவு தங்கும். வைட்டமின் சி சூட்டில் குறையும்.

ஒரு சட்டி ரசத்துக்கு ஒரு மேசைக்கரண்டி போதும். ஆனால், காய்ந்த எண்ணெயில் நேராகக் கொட்டாதீர்கள். தூளில் சர்க்கரை அதிகம். நொடியில் கருகிக் கசக்கும். வெதுவெதுப்பான நீரில் கரைத்து ஊற்றுங்கள். சம்பாலுக்கும் மீ கோரேங்கிற்கும் இதே வழிதான்.

அதே சர்க்கரைதான் காற்றின் ஈரத்தையும் இழுக்கிறது. மழைக்காலத்தில் திறந்து வைத்த பொட்டலம் கட்டியாகிவிடும். இறுக மூடும் கண்ணாடிப் போத்தலும் உலர்ந்த கரண்டியும் கட்டாயம். கொதிக்கும் சட்டிக்கு மேலே போத்தலைக் கவிழ்த்துத் தட்டும் பழக்கம் (எங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கிறார்) வேண்டாம்.

வாங்கும்போது பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படியுங்கள். மால்டோடெக்ஸ்ட்ரின் என்றிருந்தால், தூள் ஒட்டாமலிருக்கச் சேர்க்கப்பட்ட மாவுப்பொருள் அது. அந்த அளவுக்குத் தக்காளி குறைவு.