பத்து இலட்சம் பக்கெட்டும் ஒரு மேசையும்

சிக்காகோ நகரில் 1893 மே முதல் ஒக்டோபர் வரை நடந்த உலகக் கண்காட்சியில் இலங்கைக்கென்று தனி மண்டபம் ஒன்று இருந்தது. பழைய தலைநகரங்களின் சிற்ப வேலைப்பாட்டுச் சாயலில், நம் நாட்டு மரங்களைக் கப்பலேற்றிக் கொண்டுபோய்க் கட்டியது. கண்காட்சி முடிவதற்குள் 10 இலட்சம் தேயிலைப் பக்கெட்டுகள் விற்றதாக இலங்கைத் தேயிலையின் வரலாறு சொல்கிறது. மண்டபத்தைப் பிறகு ஓர் அமெரிக்கப் பணக்காரர் கழற்றி எடுத்துப்போய், ஓர் ஏரிக்கரையில் தன் கோடைகால வீடாக நிறுத்திக்கொண்டார்.

பத்து இலட்சத்தைச் சொல்லிப் பெருமைப்படுகிறவர்கள் அதற்கு முந்திய கதையைச் சொல்வதில்லை. 1869இல் தொடங்கிய இலை நோய் கோப்பித் தோட்டங்களைத் தின்று தீர்த்தது. அந்த மண்ணில் தேயிலை ஏறியது. சில வருடங்களுக்குள் லண்டனில் தேயிலை குவிந்து விலை இறங்கியது. அடுத்த சந்தை அமெரிக்கா. ஆனால் அமெரிக்கர்கள் அப்போது பெரும்பாலும் சீனா, ஜப்பான் பக்கத்துப் பச்சைத் தேயிலைக்குப் பழகியிருந்தார்கள். கறுப்புத் தேயிலைக்கு அங்கே புதிதாக ஆள் பிடிக்க வேண்டும். அந்த விளம்பரச் செலவுக்காக, ஏற்றுமதியாகும் தேயிலை மீது சிறு தீர்வை ஒன்றைப் போடும்படி தோட்டத்துரைமாரே போய்க் கேட்டார்கள். துரைமார் வரி கேட்டு வாங்கிக்கொண்டது அபூர்வம்தான். யாரிடம் விற்கப்போகிறோம், அவர் இப்போது என்ன குடிக்கிறார், செலவுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்ற மூன்றுக்கும் விடை தெரிந்த பிறகே கப்பல் புறப்பட்டது.

அதே காலத்தில் நம் ஊவாவில் இன்னொருவர் நடமாடினார். கிளாஸ்கோ மளிகைக்காரர் தோமஸ் லிப்டன், 1890இல் இலங்கைக்கு வந்து ஹப்புத்தளைப் பக்கத்தில் தம்பேத்தன்னை முதலான தோட்டங்களை வாங்கினார். அவருக்குத் தேயிலை வளர்க்கத் தெரியாது; விற்கத் தெரியும். பெட்டியிலிருந்து அள்ளி நிறுத்துக் கொடுக்கும் சரக்காக இருந்த தேயிலையை, நிறை குறிப்பிட்ட கால் இறாத்தல், அரை இறாத்தல் வண்ணப் பக்கெட்டுகளில் அடைத்தார். தோட்டத்திலிருந்து நேரே தேநீர்ச் சாடிக்கு என்று ஊரெல்லாம் எழுதி ஒட்டினார். உங்கள் ஊர்த் தண்ணீருக்கு எந்தக் கலவை பொருந்துமோ அதைத்தான் அனுப்புகிறேன் என்றார். விளம்பரங்களில் தலையில் முக்காடும் முதுகில் கூடையுமாகத் தமிழ்ப் பெண் நின்றாள். அவள் பெயர் எதிலும் இல்லை. லிப்டன் பெயர் எல்லாவற்றிலும் இருந்தது.

நூற்று முப்பது வருடத்துக்கு மேலாக உலகத்தின் எல்லாக் கண்காட்சிகளிலும் நம் முகம் இருந்திருக்கிறது, மேசைக்குப் பின்னால் நாம் இருந்ததில்லை. இன்று பசறையிலும் ஹாலிஎலவிலும் பண்டாரவளையிலும் மிளகுத்தூள் இடிக்கிற, காளான் வளர்க்கிற, ஊறுகாய் போடுகிற, கையால் தேயிலை உருட்டுகிற சிறு தொழில்காரர்கள் அந்த மேசைக்குப் பின்னால் நிற்கத் தொடங்கியிருக்கிறார்கள். நின்றுவிட்டு, மிஞ்சிய சரக்கோடு இரவு பஸ்ஸில் திரும்பி வருகிறவர்களும் அநேகம். ‘ஆள் வந்துச்சு, யாவாரம் வரல’ என்பது அடிக்கடி கேட்கிற பேச்சு. அந்தப் பேச்சு ஏன் வருகிறது என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

கொழும்பில் மூன்று நாள் கண்காட்சி. ஸ்டோல் வாடகை, லொறிக் கூலி, இரண்டு பேருக்குத் தங்குமிடம், சாப்பாடு, மாதிரிப் பக்கெட், அச்சு வேலை எல்லாம் சேர்த்து 90,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். 100 கிராம் பக்கெட் ஒன்றில் கைக்கு மிஞ்சுவது 120 ரூபா. போட்ட பணம் வர 750 பக்கெட் விற்க வேண்டும். நாளைக்குப் பத்து மணித்தியாலம் என்றால் மூன்று நாளைக்கு முப்பது. மணிக்கு 25 பக்கெட், அதாவது ஏறக்குறைய இரண்டரை நிமிடத்துக்கு ஒன்று, காலையில் திறந்ததிலிருந்து இரவு மூடும்வரை, சாப்பிடக்கூட நிறுத்தாமல். நடக்கிற காரியமா?

இப்போது இதையே மாற்றிப் போடுவோம். அந்த மூன்று நாளில் மாதம் 200 பக்கெட் எடுக்கும் ஒரு கடைக்காரர் அகப்படுகிறார். மொத்த விலை என்பதால் பக்கெட்டுக்கு 60 ரூபாதான் மிஞ்சும். வருடத்தில் 2,400 பக்கெட், 1,44,000 ரூபா. ஒரே ஓர் ஆள். கண்காட்சிக்குப் போவது அவரைத் தேடித்தான். சில்லறை விற்பனை வந்தால் பஸ் காசுக்கு ஆகும்.

இது மனதில் பதிந்துவிட்டால் எந்தக் கண்காட்சிக்குப் போவது என்பதும் தெளிவாகிவிடும். ஊவா மாகாணத்துக்கே பெரிய கண்காட்சிகள் வந்திருக்கின்றன. 2011இல் புத்தளையில் ‘தேசத்திற்கு மகுடம்’, 2018 ஆகஸ்டில் மொனராகலையில் ‘என்டர்பிரைஸ் ஸ்ரீலங்கா’. சனத்துக்குக் குறைவில்லை. ஆனால் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வேடிக்கை பார்க்க வருகிற கூட்டம் வேறு, வாங்கி விற்கிறவர்கள் வருகிற கூட்டம் வேறு. உணவுப் பொருள் செய்கிறவருக்குக் கொழும்பில் வழக்கமாக ஆகஸ்ட் வாக்கில் நடக்கும் ‘புரோஃபூட்’ கண்காட்சியில் பொதி செய்யும் இயந்திரக்காரர், ஹோட்டல்காரர், ஏற்றுமதியாளர் எல்லோரையும் ஒரே கூரையின் கீழ் பார்க்கலாம். 2010இல் தொடங்கிய யாழ்ப்பாண சர்வதேச வர்த்தகக் கண்காட்சி வழக்கமாக ஜனவரியில் வரும். தமிழிலேயே பேசி விற்கலாம் என்பது நம்மவர்களுக்குக் கிடைக்கும் பெரிய வசதி, அதை நாம் போதிய அளவு பயன்படுத்தவில்லை என்பது என் எண்ணம். ஒரு வருடம் ஸ்டோல் எடுக்காமல் வெறும் ஆளாகப் போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வருவது நல்லது. உங்கள் சரக்கைப் போன்றதை யார் விற்கிறார்கள், என்ன விலை, எந்த மூலையில் கூட்டம் நிற்கிறது, மாலையில் யார் முகம் வாடியிருக்கிறது என்பதெல்லாம் நுழைவுச்சீட்டு விலைக்கே தெரிந்துவிடும்.

காலத்தையும் பார்க்க வேண்டும். பதுளைப் பக்கத்துக்கு மழை ஒக்டோபரில் பிடித்தால் ஜனவரி வரை விடாது. மண் சரியும், ரயில் பாதை அடைபடும், லயத்து அறையில் காயப்போட்ட மிளகு ஈரம் குடிக்கும். ஜனவரிக் கண்காட்சிக்குச் சரக்கை டிசம்பரில் தயாரிக்க நினைப்பவர் மழையோடு மல்லுக்கட்டத்தான் வேண்டும். தேயிலைக்கு இதற்கு நேர்மாறு. ஜூலை முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று மலையைத் தாண்டி வறண்டு இறங்கும்போதுதான் ஊவாவுக்கே உரிய அந்தக் குளிர்ந்த வாசம் கொழுந்தில் ஏறும். உலகத்தில் ஊவாவுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது அந்த மூன்று மாதச் சரக்குதான். கண்காட்சி மேசையில் வைக்கும் மாதிரி அந்தப் பருவத்துடையதாக இருந்தால், பக்கெட்டில் மாதத்தைப் பெரிதாக எழுதலாம். விஷயம் தெரிந்த வாடிக்கையாளர் அதைத்தான் தேடுவார்.

தேயிலை ஊற்றிக் கொடுக்க நினைப்பவர்களுக்கு லிப்டனின் தண்ணீர்ப் பேச்சு இன்றும் பொருந்தும். பதுளை ஊற்றுத் தண்ணீரில் மணக்கிற தேயிலை, குளோரீன் கலந்த கொழும்புக் குழாய்த் தண்ணீரில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். முதல் நாளே கொழும்புத் தண்ணீரில் ஊற்றிப் பார்த்துவிட வேண்டும். சரிவரவில்லையென்றால் போத்தல் தண்ணீர். சுவைபார்ப்போரின் சர்வதேச அளவு 100 மில்லிலீற்றருக்கு 2 கிராம், ஆறு நிமிடம். அது குறை கண்டுபிடிப்பதற்கான அளவு. வாங்க வருகிறவருக்கு மூன்று, நான்கு நிமிடம் போதும். கோப்பை வெள்ளையாக இருக்கட்டும். நிறம் தெரியாத காகிதக் கோப்பையில் ஊவாத் தேயிலையைக் கொடுப்பது பாவம்.

மேசைக்கு முன்னால் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று கவனித்தால் நிறையக் கற்கலாம். ஒரு பெண் வருகிறார். மிளகுத்தூள் பக்கெட்டை எடுக்கிறார், திருப்புகிறார், கட்டைவிரலால் திகதியைத் தேடுகிறார். பிறகு மூக்கருகே கொண்டுபோகிறார், பொலித்தீன் வாசம். ‘எங்க செஞ்சது?’ என்கிறார். ‘பசறை மிஸ்.’ ‘கடையில கிடைக்குமா?’ ‘இல்ல மிஸ், கோல் பண்ணினா அனுப்புவோம்.’ அவர் போன் எடுக்கிறார், பக்கெட்டில் இலக்கம் இல்லை. விற்பவர் துண்டுக் கடதாசியில் எழுதிக் கொடுக்கிறார். அந்தக் கடதாசி வீடு போய்ச் சேராது. திறந்து மோந்து பார்க்க ஒரு சிறு போத்தல், பக்கெட்டில் தெளிவான திகதி, மூன்று மொழியிலும் பெயர், ஒரு வாட்ஸ்அப் இலக்கம். அந்த அரை நிமிடத்தைக் காப்பாற்ற இவ்வளவுதான் தேவைப்பட்டது.

பெயரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம்மவர்களின் பக்கெட்டுகளில் பாதிக்கு மேல் ‘ஊவா’ என்றோ ‘எல்ல’ என்றோ பெரிதாக இருக்கும், செய்தவர் பெயர் அடியில் எறும்பு எழுத்தில் இருக்கும். ஊவா என்பது யாருக்கும் சொந்தமில்லாத, எல்லோருக்கும் பொதுவான பெயர். இரண்டு கிழமை கழித்து வாடிக்கையாளருக்கு ஞாபகம் வருவது ‘அந்த ஊவா மிளகு’ மட்டும்தான். கடையில் வேறு யாருடைய ஊவா மிளகையோ வாங்கிவிட்டுப் போவார். ஊர்ப் பெயர் சின்னதாக இருக்கட்டும், உங்கள் பெயர் பெரிதாக இருக்கட்டும். வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதியலாம். வர்த்தகக் குறியைத் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் பதிந்தால் பத்து வருடத்துக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். சுப்பர்மார்க்கட் பக்கம் போகிற எண்ணமிருந்தால் 479இல் தொடங்கும் இலங்கைப் பட்டைக்குறி வேண்டும். அதை ஜீஎஸ்1 லங்கா தருகிறது. தேயிலையை வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டுமானால் தேயிலைச் சபைப் பதிவு இல்லாமல் முடியாது. பக்கெட்டில் சிங்கச் சின்னத்தை அச்சடிக்கவும் சபையின் அனுமதி வேண்டும். இவை எல்லாவற்றையும் கண்காட்சிக்கு முதல் கிழமையில் தொடங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அது கலியாணத்தன்று காலையில் பந்தக்கால் நடுகிற வேலை.

உதவி செய்ய நிறுவனங்கள் இல்லாமலில்லை. கைத்தொழில் அபிவிருத்திச் சபை இருக்கிறது, பிரதேச செயலகங்களை ஒட்டிய விதாதா வள நிலையங்கள் இருக்கின்றன. 2005இல் பதுளையில் ஆரம்பித்த ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம், பெறுமதி சேர்ப்பையே தன் அடையாளமாகச் சொல்லிக்கொள்கிறது. தேயிலைத் தொழில்நுட்பத்துக்கென்று அங்கே ஒரு பட்டப்படிப்பும் உண்டு. ஊறுகாய் எத்தனை மாதம் கெடாமல் இருக்கும் என்ற கேள்வியோடு அந்தப் படலையைத் தட்டுவதற்குத் தோட்டத்துப் பிள்ளைகள் கூச்சப்பட வேண்டியதில்லை. அரச நிறுவனங்கள் சில வேளை இலவசமாகவே ஸ்டோல் தரும். வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் தலைக்கு மேல் திணைக்களத்தின் பெனர் ஆறடிக்குத் தொங்கும், கீழே உங்கள் பெயர் ஒரு ஏ4 தாளில் இருக்கும். உங்களுடைய பெனரை நீங்களே அடித்துக் கொண்டுபோய் மேசைக்கு முன்னால் கட்டிவிடுங்கள்.

டுபாயில் கல்ஃபூட் உணவுக் கண்காட்சி, ஜெர்மனியின் கொலோன் நகரில் இரண்டு வருடத்துக்கொரு முறை அனுகா. ஏற்றுமதி அபிவிருத்திச் சபை, தேயிலைச் சபை வழியாக இலங்கைக்காரர்கள் போகிற பெரிய இடங்கள் இவை. மாதம் 500 பக்கெட் செய்கிறவருக்கு இவை இப்போதைக்கு வேண்டாம். டுபாய்க்காரர் ஒரு கொள்கலன் கேட்டால் எங்கே போவது? ஏற்கெனவே போகிற ஏற்றுமதியாளரிடம் மாதிரி கொடுத்தனுப்பினால் போதும்.

இவற்றை விடப் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும் கண்காட்சி ஒன்றை நாம் கவனிக்காமல் விட்டிருக்கிறோம். ஒன்பது வளைவுப் பாலம் பார்க்க எல்லவுக்கு வருகிற வெளிநாட்டவர்கள். ஹல்பேவத்தை தேயிலைத் தொழிற்சாலை அவர்களுக்குத் தேயிலை செய்வதைச் சுற்றிக் காட்டி, சுவை காட்டி, அங்கேயே விற்கிறது. அம்பாதண்டேகமவிலுள்ள அம்பா தோட்டம் கையால் உருட்டிய தேயிலையையும் ஜாமையும் வருகிறவர்கள் முன்னாலேயே செய்து பெயரெடுத்திருக்கிறது. வருமானத்தில் ஒரு பங்கை வேலை செய்கிறவர்களுக்குப் பிரித்தும் கொடுக்கிறது. இரண்டும் பெருந்தோட்டக் கம்பனிகளுடையவை அல்ல. எல்லவில் பத்து விடுதிகளின் காலைச் சாப்பாட்டு மேசையில் உங்கள் போத்தல் இருந்தால், அதற்கு ஸ்டோல் வாடகை கிடையாது.

கடைசியாகக் கொப்பி. கண்காட்சிக்குக் கட்டாயம் கொண்டுபோக வேண்டியது அதுதான். வந்தவர் பெயர், ஊர், என்ன கேட்டார், எவ்வளவு கேட்டார், எந்த மொழியில் பேசினார். இரவு அறைக்குப் போனதும் களைப்போடு களைப்பாக அதில் உண்மையான வாங்குநர் யார் என்று ஒரு புள்ளி போட்டுவிடுங்கள். மறுநாள் காலையில் எல்லா முகமும் ஒன்றாகிவிடும். ஊர் திரும்பி இரண்டு நாளைக்குள் புள்ளி போட்டவர்களுக்கு விலைப்பட்டியலோடு ஒரு செய்தி. பத்து நாளில் ஒரு கோல். நம்மவர்கள் இரண்டாவது கோலுக்குத் தயங்குகிறார்கள், கெஞ்சுவது போலிருக்குமாம். வாங்குகிறவர் அப்படி நினைப்பதில்லை, அவருக்கு மறந்துபோயிருக்கும். பெரிய கடைக்காரர் பல வாரக் கடனுக்குச் சரக்குக் கேட்டால், கையில் இருக்கிற மிளகு எத்தனை வாரம் தாங்கும் என்று பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். தாங்காதென்றால் சின்னக் கடைக்காரரே மேல்.

ஆறு மாதம் கழித்து அந்தக் கொப்பியைத் திறந்து, புள்ளி போட்டவர்களில் எத்தனை பேர் இரண்டாவது தடவை ஓடர் கொடுத்தார்கள் என்று எண்ணுங்கள். ஒருவர்கூட இல்லையென்றால் அடுத்த வருடம் அந்தக் கண்காட்சிக்கு முற்பணம் கட்ட வேண்டாம், அந்தக் காசில் எல்லவுக்கு நாலு தடவை போய்வரலாம். இரண்டு பேர் இருந்தால், நல்ல மூலை ஸ்டோலாகக் கேட்டு இப்போதே எழுதிப் போடுங்கள். மூலை ஸ்டோல்கள்தான் முதலில் போய்விடும்.