அரிக்கொம்பனும் நம் குட்டியானையும்

எலித் தொல்லையும் வண்டுத் தொல்லையும் மளிகைக் கடைக்காரர் எல்லோருக்கும் தெரியும். யானைத் தொல்லை தெரிந்த கடைகள் கேரளத்தின் இடுக்கி மாவட்டம் சின்னக்கானல் பக்கம் இருக்கின்றன. அரிசியைத் தேடி ரேஷன் கடையையும் வீடுகளையும் இடித்த ஓர் ஆண் யானைக்கு அப்பகுதி மக்கள் வைத்த பெயர் அரிக்கொம்பன். மலையாளத்தில் 'அரி' என்றால் அரிசி. பன்னியார் எஸ்டேட் ரேஷன் கடை பலமுறை அதனிடம் அடிபட்டது.

2023 ஏப்ரல் 29 அன்று கேரள வனத்துறையினர் மயக்க ஊசி செலுத்தி, நான்கு கும்கிகளின் துணையுடன் அதைப் பிடித்தனர். கழுத்தில் இருப்பிடம் காட்டும் ரேடியோ காலரை மாட்டி, பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்டனர். ஒரு மாதம்கூட ஆகவில்லை. மேகமலைப் பக்கம் சுற்றிவிட்டு, மே 27 அன்று தேனி மாவட்டம் கம்பம் நகருக்குள் நுழைந்துவிட்டது. அன்று காயமடைந்த ஒருவர் பின்னர் உயிரிழந்தார். ஜூன் 5 அன்று தமிழ்நாடு வனத்துறையினர் அதை மீண்டும் பிடித்து, களக்காடு முண்டந்துறை காப்பகத்தில் கொண்டுபோய் விட்டனர்.

காலர் யானையைத் தடுத்து நிறுத்தவில்லை. அது எங்கே நிற்கிறது என்பதைத்தான் சொன்னது. தடுப்பதும் பிடிப்பதும் மனிதர் வேலை. கருவி வாங்கும் வணிகர் முதலில் மனதில் கொள்ள வேண்டியது இதுவே.

இக்கருவிக்கு இரண்டு வேலைகள். ஒன்று, வானிலுள்ள ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களின் சமிக்ஞையைக் கேட்டு, தான் இருக்குமிடத்தைக் கணக்கிடுவது. இதற்குக் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் தேவை. மற்றொன்று, அந்தக் கணக்கை நமக்கு அனுப்புவது. காட்டு யானைக்குச் செயற்கைக்கோள் வழியாகவோ ரேடியோ அலை வழியாகவோ அனுப்புகிறார்கள். ஊருக்குள் ஓடும் வண்டிக்குக் கருவியிலுள்ள சிம் கார்டு போதும். மலைப்பாதையில் சவாரியின்போது மிரண்டு ஓடும் குதிரைக்குக் கட்டினாலும் இதே கணக்குதான்: செல்போன் டவர் எட்டாத இடத்தில் சிம் கருவி வாய் திறக்காது.

இனி நம் வீட்டுக் கதைக்கு வருவோம். விருதுநகர்–சிவகாசி சாலையில் ஆமத்தூர் வழியாக நாள் முழுவதும் ஓடுகிற சிறிய சரக்கு வண்டியை நாம் 'குட்டியானை' என்றுதான் அழைக்கிறோம். பருப்பும் எண்ணெயும் வற்றலும் ஏற்றிய அந்த வண்டி காணாமல் போனால், வண்டியோடு முதலும் போகிறது. சரக்குக்குக் காத்திருக்கும் கடைக்காரரின் நம்பிக்கையும் போகிறது. எனவே கருவி வாங்குமுன் கவனிக்க வேண்டியவை:

1. சாவிக்கொத்தில் மாட்டும் சிறு புளூடூத் வில்லைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஜி.பி.எஸ். கிடையாது. பக்கத்தில் செல்லும் செல்போன்களை நம்பியே அவை இடம் காட்டும். கடைவீதியில் உதவும், ஆளில்லாத பாதையில் உதவாது.

2. வண்டியின் பேட்டரி இணைப்பைத் துண்டித்தாலும் சிறிது நேரம் இயங்க உள்பேட்டரி இருக்க வேண்டும். இணைப்பு அறுந்தவுடன் செல்போனுக்கு எச்சரிக்கை வர வேண்டும்.

3. விலையை மட்டும் கேட்காதீர்கள். சிம் ரீசார்ஜ், ஆண்டுக் கட்டணம் ஆகியவற்றையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். ரீசார்ஜ் தீர்ந்த கருவி வெறும் பெட்டி.

4. உள்பேட்டரியில் மட்டும் இயங்கும் கருவி நிமிடத்துக்கொரு முறை இடம் சொன்னால் சார்ஜ் சீக்கிரம் தீரும். தேவைக்கேற்ற இடைவெளியை வைத்துக்கொள்ளுங்கள்.

5. பட்டாசு, தீப்பெட்டி ஏற்றும் வண்டியில் ஒயர் வேலையை வண்டி காலியாக இருக்கும்போது, தேர்ந்த எலக்ட்ரீஷியனைக் கொண்டே செய்யுங்கள்.

6. கருவி பொருத்தியிருப்பதை ஓட்டுநரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மறைத்து வைத்து வேவு பார்த்தால் நல்ல ஓட்டுநரையும் இழப்போம்.

வண்டி திருடு போனால் செல்போனைப் பார்த்துக்கொண்டு நாமே விரட்டிப் போவது ஆபத்து. உடனே காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, கருவி காட்டும் இடத்தை அவர்களிடம் காட்டுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் தகவல் சொல்லுங்கள். வண்டி எண், எஞ்சின் எண், சேஸிஸ் எண் மூன்றையும் கடைக் கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில் இன்றே எழுதி வையுங்கள். அதற்குச் செலவு ஏதுமில்லை.