யாருக்கு ப்ராஜெக்ட் பண்றோம், யாரைக் கேட்டோம்?

ப்ராஜெக்ட் எக்ஸ்போவுல ஒரு ரவுண்டு வந்து பாருங்க. மாத்திரை நேரத்துக்கு அலாரம் அடிக்கிற டப்பா, தாத்தா கீழே விழுந்தா வீட்டுக்கு மெசேஜ் போடுற பேண்ட், இப்படி ஏதாவது இருக்கும். 'நோயாளியைப் பார்த்துக்கிறவங்க யார்கிட்டயாவது பேசினீங்களா?' என்று கேட்டால், டீம்ல ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பாங்க.

ஆஸ்பத்திரியில் 'அட்டெண்டர்' என்று கூப்பிடுவாங்களே, அவங்களைத்தான் சொல்றேன். அம்மா, மருமகள், மனைவி, சில வீடுகளில் மகன். சம்பளம் கிடையாது, லீவும் கிடையாது. 2019-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் உள்ளவர்களைப் பராமரிப்பதில் ஈடுபட்ட பெண்கள் அதற்குச் செலவழித்தது நாளுக்குச் சராசரி 134 நிமிடம். ஆண்கள் 76 நிமிடம். குழந்தைகளைப் பார்த்துக்கிறதும் இதில் சேர்த்தி.

சரி, உதவி தேவைப்படுவது பார்த்துக்கிறவங்களுக்குத்தானே? டிசைன் பண்ணும்போது நோயாளியை ஏன் கேட்கணும்?

ஒரு உதாரணம் எடுத்துக்குவோம். பக்கவாதம் வந்த அம்மா. ராத்திரி பகலா பார்த்துக்கிற மகள். மகளுக்கு ஓய்வு கிடைக்கட்டும் என்று வாரம் இரண்டு மணி நேரம் ஒரு தன்னார்வலரை அனுப்பி, அம்மாவைக் குளிப்பாட்டச் சொல்கிறோம். புது ஆள் தன்னைத் தொடுவது அம்மாவுக்குப் பிடிக்கலை, 'வேண்டாம்'னு சொல்லிடறாங்க. மகளுக்குக் கிடைக்க வேண்டிய இரண்டு மணி நேரம் அதோட போச்சு. முன்னாடியே அம்மாவைக் கேட்டிருந்தா, 'குளிக்க என் பொண்ணு போதும், அந்தப் பிள்ளை மெடிக்கலுக்குப் போய் மருந்து வாங்கிட்டு வந்து, கொஞ்ச நேரம் என்கூட உட்கார்ந்து பேசட்டும்' என்று சொல்லியிருக்கலாம். மகளும் தூங்கியிருக்கலாம். அதாவது, பார்த்துக்கிறவருக்கான உதவி நோயாளியோட சம்மதம் வழியாத்தான் போய்ச் சேரும்.

இதை ஒழுங்கா செய்ய ஒரு முறையே இருக்கு. பால் பேட், க்ளென் ராபர்ட் என்ற இருவர் இங்கிலாந்தில் உருவாக்கினது. பேரு 'எக்ஸ்பீரியன்ஸ் பேஸ்ட் கோ-டிசைன்'. நோயாளிகளின் அனுபவத்தை வீடியோவில் பதிவு செய்வாங்க. ஊழியர்களிடம் தனியா பேசுவாங்க. அப்புறம் இரு தரப்பும் ஒண்ணா உட்கார்ந்து அந்த வீடியோவைப் பார்த்து, எதை முதலில் மாற்றணும் என்று சேர்ந்து முடிவெடுப்பாங்க.

கீமோதெரபி நோயாளிகளோட கூட வர்றவங்களுக்கும் இதே வழியில் ஒரு உதவித் திட்டம் அங்கே உருவானது. கூட வர்றவங்களும் ஊழியர்களும் சேர்ந்து வடிவமைச்சது. ஒரு டிவிடி, ஒரு கையேடு, ஒரு குழுச் சந்திப்பு, அவ்வளவுதான். 47 பேரை வைத்து நடந்த சின்ன சோதனையில், திட்டம் கிடைத்தவர்களுக்குப் பக்க விளைவுகள் பற்றிய புரிதல் மற்றவர்களைவிட நல்லாவே கூடியிருந்தது. இதுக்கு ஆப் எதுவும் தேவைப்படலை என்பதையும் கவனிங்க.

அவ்வளவு தூரம் போக வேண்டாம், பக்கத்தில் கேரளாவைப் பாருங்க. 1993-ல் கோழிக்கோட்டில் டாக்டர்கள் தொடங்கிய வலி நிவாரண சேவை, 2001 வாக்கில் ஊர் மக்கள் நடத்தும் அக்கம்பக்க வலையமைப்பா மாறியது. வாரம் இரண்டு மணி நேரமாவது ஒதுக்க முடிந்தவர்களுக்குப் பயிற்சி கொடுத்து வீடுகளுக்கு அனுப்பினாங்க. அங்கே போனதும் தேவைப் பட்டியல் மருந்தோடு நிற்கலை. வீட்டுக்கு அரிசி, பிள்ளைகளோட படிப்புச் செலவு எல்லாம் அதில் வந்தது. படுத்திருப்பவர் சம்பாதித்தவர் என்றால், பார்த்துக்கிறவருக்குப் பெரிய சுமையே அதுதானே! ஆஸ்பத்திரி டேபிளில் உட்கார்ந்து போடுற பட்டியலில் அரிசி வருமா? 2008-ல் கேரள அரசு இதற்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டது.

நம்ம ஊரிலும் 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மூலம் மாத்திரை, பிசியோதெரபி எல்லாம் வீட்டு வாசலுக்கே வருது. கதவு திறந்திருக்கு. உள்ளே இருக்கிற இரண்டு பேரிடமும் கேள்வி கேட்கிறதுதான் பாக்கி.

அதனால், ப்ராஜெக்ட் தலைப்பு கொடுக்கும் முன்னாடி மூணு விஷயம் செய்யுங்க:

1. நோயாளி, பார்த்துக்கிறவர் இருவரிடமும் தனித்தனியா பேசுங்க. அம்மா எதிரில் 'எனக்கு முடியலை' என்று எந்த மகளும் சொல்ல மாட்டாள். மகள் எதிரில் 'இவளுக்குப் பாரமா இருக்கேன்' என்று அம்மாவும் சொல்ல மாட்டாங்க.

2. 'இந்த ஆப் பிடிச்சிருக்கா?' என்று கேட்காதீங்க. 'நேற்று காலையிலிருந்து ராத்திரி வரை என்ன நடந்தது?' என்று கேளுங்க.

3. அவங்க 'இது வேண்டாம்' என்று சொன்னால் ஐடியாவை மாற்றத் தயாரா இருங்க. மாற்றும் உரிமை அவங்களுக்கு இல்லைன்னா அது வெறும் சர்வே.

சாஃப்ட்வேர் இன்ஜினியரிங் பேப்பரில் 'ரிக்வயர்மென்ட் கேதரிங்' பற்றி எல்லாரும் பக்கம் பக்கமா எழுதியிருக்கோம். அதை ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து செய்து பார்த்தால், டப்பாவில் அலாரம் வேணுமா, இல்லை வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஒரு ஆள் வேணுமா என்பது தெரிஞ்சுடும்.