பற்களில் செதுக்கிய வானம்

1900ஆம் ஆண்டு, கடற்பஞ்சு எடுக்கச் சென்ற கிரேக்கப் படகு ஒன்று புயலுக்கு ஒதுங்கி, ஆண்டிகிதெரா தீவோரம் நின்றது. அங்கே மூழ்கியவர்கள் சுமார் 45 மீட்டர் ஆழத்தில், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் கவிழ்ந்த கப்பலைக் கண்டார்கள். கடற்படை உதவியோடு 1901 வரை வெண்கல, பளிங்குச் சிலைகளை மேலே ஏற்றினார்கள். அந்த ஆழம் ஒருவரின் உயிரைப் பறித்தது. இருவரை முடக்கிப் போட்டது.

சிலைகளோடு வந்த அரித்துப்போன கட்டி ஒன்றை ஏதென்ஸ் அருங்காட்சியகம் எடுத்து வைத்திருந்தது. 1902இல் தொல்லியலாளர் வலேரியோஸ் ஸ்டாயிஸ் அதனுள் ஒரு பல்சக்கரம் இருப்பதைக் கவனித்தார்.

அந்தக் கட்டி, பஞ்சாங்கத்தைச் சக்கரங்களால் கணித்த ஒரு கருவி. பக்கத்திலுள்ள கைப்பிடியைச் சுழற்றினால், சூரியனும் சந்திரனும் ராசி வட்டத்தில் எங்கே நிற்கின்றன என்று முன்பக்க முட்கள் காட்டும். பின்பக்கச் சுருள் வட்டங்கள் மாதக் கணக்கையும் கிரகணம் வரக்கூடிய மாதங்களையும் சொல்லும்.

இதன் சூட்சுமம் பற்களின் எண்ணிக்கையில் இருக்கிறது. 19 ஆண்டுகளில் சந்திரன் ராசி வட்டத்தை 254 முறை சுற்றுகிறது. அதில் பாதி 127. உள்ளே 127 பல் கொண்ட சக்கரம் ஒன்று உண்டு. கிரகணங்கள் 223 சந்திர மாதங்களுக்கு ஒருமுறை ஏறக்குறைய அதே வரிசையில் திரும்பி வரும். அதற்கு 223 பல் சக்கரம். இரண்டுமே பகா எண்கள். சின்னச் சக்கரங்களாகப் பிரித்துச் செய்ய வழியில்லை. அத்தனை பற்களையும் வெண்கலத் தகட்டில் கையால் அராவியே ஆக வேண்டும்.

சந்திரன் பூமியை நெருங்கும்போது விரைந்தும் விலகும்போது தளர்ந்தும் நகரும். கருவியைச் செய்தவர்கள் அதையும் சக்கரங்களில் காட்டினார்கள். ஒரு சக்கரத்தில் பதித்த முளை, மையம் சற்றே விலகிய மற்றொரு சக்கரத்தின் நீள்துளைக்குள் ஓடும். ஒரே சுற்றுக்குள் அந்தச் சக்கரம் முந்தும், பிந்தும்.

இவையெல்லாம் தெரியவந்தது வெகுகாலம் கழித்துத்தான். 1970களில் எக்ஸ்ரே படங்களைக் கொண்டு அறிவியல் வரலாற்றாளர் டெரெக் பிரைஸ் சக்கர அமைப்பை விளக்கினார். 2005இல் சுமார் எட்டு டன் எடையுள்ள சிடி ஸ்கேன் கருவியை அருங்காட்சியகத்துக்கே கொண்டுவந்து, 82 துண்டுகளையும் எஞ்சிய 30 சக்கரங்களையும் ஆராய்ந்தார்கள். மறைந்திருந்த எழுத்துகளும் படிக்கக் கிடைத்தன.

1902இல் அந்தக் கட்டியின் பயன் யாருக்கும் சரிவர விளங்கவில்லை. ஆனாலும் தூக்கி எறியாமல் காத்தார்கள். புரியாததையும் பத்திரப்படுத்துவதே அகழாய்வின் முதல் கடமை. அதைப் படிக்கும் கருவியும் கண்ணும் அடுத்த தலைமுறைக்கு வாய்க்கலாம்.