தலைமடையில் மாடு, கடைமடையில் நகரம்

நியூயார்க் நகரம் குடிக்கும் தண்ணீரில் ஏறத்தாழ 90 சதவீதம் கேட்ஸ்கில் மலையிலும் டெலவர் ஆற்றுப் படுகையிலும் விழும் மழையும் பனியும்தான். குளோரினும் புற ஊதாக் கதிரும் பட்டு வருகிறதே தவிர, அந்த நீர் எந்த வடிகட்டும் ஆலைக்குள்ளும் போவதில்லை. மலைச்சரிவில் மாடு வளர்க்கும் உழவர்களோடு நகரம் செய்துகொண்ட உடன்பாடு அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

ஆறு, ஏரித் தண்ணீரை வடிகட்டித்தான் வழங்க வேண்டும் என்று 1989-இல் அமெரிக்க அரசு விதி செய்தது. நீர்பிடிப்புப் பகுதியைச் சுத்தமாகக் காப்பவர்களுக்கு மட்டும் விலக்கு. ஆலை கட்ட 400 கோடி முதல் 800 கோடி டாலர் வரை ஆகும் என்று பலவாறு கணக்குச் சொன்னார்கள். பதறிய நகரம், 1990-இல் பண்ணைகளுக்குக் கட்டுப்பாடுகளை எழுதி நீட்டியது. பால் விலை கட்டுப்படியாகாமல் திண்டாடிய உழவர்கள் கொதித்தார்கள்.

நகரின் சுற்றுச்சூழல் துறை ஆணையர் ஆல்பர்ட் ஆப்பிள்டன், உத்தரவை ஒதுக்கிவிட்டுப் பேச்சுக்கு உட்கார்ந்தார். சேருவது அவரவர் விருப்பம்; செலவு நகரத்துடையது; திட்டத்தை நடத்துவது உழவர்களே முன்னிற்கும் மன்றம். ஒரே நிபந்தனை: ஐந்தாண்டுகளில் 85 சதவீதப் பண்ணைகள் சேர வேண்டும். அந்த இலக்கைத் தாண்டியே உழவர்கள் சேர்ந்தார்கள்.

ஒவ்வொரு பண்ணைக்கும் அதன் மண், மாடு, வரவு செலவு பார்த்துத் தனித் திட்டம் போட்டார்கள். மாடு ஓடையில் இறங்காமல் வேலி, குடிக்கத் தனித் தொட்டி. கிரிப்டோஸ்போரிடியம் கிருமி இளங்கன்றுகளின் கழிச்சலில் அதிகம் என்பதால் கன்றுகளுக்கு நல்ல கொட்டகை. 1993-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் சுமார் 4 லட்சம் பேரை நோயில் தள்ளிய கிருமி அது. சாணத்தைச் சேமிக்கத் தொட்டி. மண்ணைச் சோதித்துத் தேவைக்கு மட்டும் எரு. உறைந்த நிலத்தில் கொட்டிய எரு, பனி உருகும்போது பாஸ்பரஸோடு ஓடைக்குப் போய்விடும். 1998 முதல், ஓடைக்கரையை மரத்துக்கும் புல்லுக்கும் விடுபவர்களுக்கு 10 முதல் 15 ஆண்டு வாடகையும் உண்டு.

தண்ணீர் தெளிந்ததன் பெருமை முழுவதும் பண்ணைகளுக்கே சேராது. கழிவுநீர் நிலையங்களைச் சீரமைத்ததும் பல பால் பண்ணைகள் மூடப்பட்டதும் சேர்ந்தே பாஸ்பரஸைக் குறைத்தன. எப்படியானாலும், 2017-இல் வடிகட்டுவதிலிருந்து நகரத்துக்கு இருந்த விலக்கு மேலும் 10 ஆண்டுகளுக்கு நீண்டது.

குடிப்பவர் பங்கு கொடுக்காமல், காக்கும் செலவை உழுபவர் தலையில் மட்டும் கட்டும் திட்டம் நிலைக்காது. உழவரை மாறச் சொல்லும் எந்த அரசும், முதலில் தன் பணப்பையைத் திறக்கட்டும். பிறகு விதியை எழுதட்டும்.